தோன்றா எழுவாய்

விமர்சனத்துக்கென நான் இம்முறை எடுத்துக்கொண்டது நாவலன்று, கவிதைத் தொகுதியுமன்று. ஒருபுறம் மட்டும் அச்சிடப்பட்ட ஒற்றைத் தாள். மாலைதீவின் உல்லாச விடுதியொன்றிலே தொழில் செய்யும் என் பழைய மாணவன் ஒருவன், விடுமுறையில் மட்டக்களப்புக்கு வந்திருந்தபோது அதனை எனக்குக் காட்டினான். விருந்தினர்கள் அந்தத் தீவில் ஒரு கிழமையை எவ்வாறு கழிக்கலாம் என்று கூறும் நிகழ்ச்சி நிரல் அது. விடுதியின் பெயர் இங்கு அவசியமில்லை. சிறு மாற்றங்களோடு இதே தாளை அந்நாட்டின் விடுதிகள் பலவற்றிலும் காணலாம் என்று அவன் சொன்னான். பிற விடுதிகளின் விளம்பர ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது அது மிகையன்று என்பதை நானும் உணர்ந்தேன்.

இத்தகைய தாளில் விமர்சிப்பதற்கு என்ன இருக்கிறது என்று இலக்கிய அன்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாலைதீவில் வாழ்வோர் 5 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். 2024ஆம் ஆண்டில் மட்டும் அங்கு சென்ற உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்துக்கும் அதிகம். அந்நாட்டைப் பற்றி அவர்களுட் பலர் படிக்கின்ற எழுத்து இந்தத் தாளும் இதனையொத்த ஏடுகளுமாகத்தான் இருக்கும். நல்ல நாவலொன்று ஆயிரம் பிரதி விற்றால் பெரிதென மகிழ்கின்ற நாம், இவ்வளவு பெரிய வாசகர் கூட்டத்தைக் கொண்ட ஓர் எழுத்தை அலட்சியஞ் செய்தல் தகாது. எழுதியவன் பெயர் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு நடை உண்டு. ஓர் உலக நோக்கு உண்டு. யாரை நோக்கிப் பேச வேண்டும், யாரைப் பற்றி வாய் திறக்கலாகாது என்ற திட்டமும் உண்டு.

தாளில் உள்ளவற்றைத் தமிழாக்கித் தருகிறேன். காலையில், பவளப்பாறைகளின் மேலாக மூச்சுக்குழாய் பொருத்தி நீந்துதல். முற்பகலில் உள்ளூர்ச் சமையல் பழகுதல். பிற்பகல் ஐந்து மணிக்குக் கரப்பந்தாடுதல். அந்தி மயங்கும் வேளையில் மீன்பிடித்தல். திங்களிரவு நண்டோட்டம். புதனன்று ஆளில்லா மணற்றிட்டில் உணவருந்துதல். வியாழனன்று அயல் தீவுக் கிராமத்தைப் பார்வையிடுதல். வெள்ளியிரவு ‘பொடு பெரு’ எனப்படும் பெருமுழவு முழக்குதல். சனியன்று பவளம் நடுதல்.

நீந்துதல், பழகுதல், பிடித்தல், முழக்குதல் யாவும் தொழிற்பெயர்கள். தொழிற்பெயர் காலங் காட்டாது, செய்தவன் இன்னான் என்பதையும் காட்டாது என வகுப்பிலே நாம் கற்பிக்கிறோம். ‘மீன் பிடித்தான்’ என்றால் விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘பிடித்தாயா?’ என்று எழுவாயை விட்டுவிட்டுக் கேட்டாலும் ‘நீ’ உள்ளே நிற்பது தெரியும். தோன்றா எழுவாய் என்கிறோம். இந்தத் தாளிலோ எழுவாய் தோன்றவுமில்லை, தோன்றுவதற்கு வழியுமில்லை. படகைச் செலுத்துபவன் யார்? தூண்டிலில் இரை கோப்பவன் யார்? இரவு ஓட்டத்துக்கான நண்டுகளை வெயிலிலே அலைந்து பொறுக்கி வைப்பவன் யார்? முழவறைந்த கையோடு நள்ளிரவில் நாற்காலிகளை அடுக்குபவன் யார்? ஆங்கில மூலத்திலும் நிலைமை இதுவே. நமது இலக்கணத்தின் வழியே நோக்கும்போது சற்றுத் துலக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தாளின் மேல் விளிம்பிலே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு உள்ளது. கொடுக்கப்பட்டுள்ள நேரங்கள் யாவும் ‘தீவு நேரம்’ என்கிறது அது. மாலைதீவின் விடுதிகள் பல, தலைநகரான மாலேயின் நேரத்தைவிடத் தமது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்துக்கொள்கின்றன. விருந்தினர் எழும் வேளைக்கும் உறங்கும் வேளைக்கும் இடையே கூடுதலான வெயில் கிடைப்பதற்காக இந்த ஏற்பாடு. மாலே நமக்கு அரை மணித்தியாலம் பின். இந்த விடுதியோ நமக்கு அரை மணித்தியாலம் முன். ஒரு நாட்டின் நேரத்திலிருந்தே ஒரு தீவைப் பிய்த்தெடுத்து, பணங் கொடுப்பவனின் உடல் வசதிக்கேற்பச் சூரியனை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். வேலை நாளின் நீளம் பற்றிய போராட்டமே தொழிலாளி வர்க்க வரலாற்றின் பெரும்பகுதி என்று படித்தவர்களுக்கு இந்தச் சிறு குறிப்பு சாதாரணமாகத் தோன்றாது. ‘செருப்பும் வேண்டாம், செய்தியும் வேண்டாம்’ என்பது அங்குள்ள ஒரு விடுதிக் குழுமத்தின் பெயர்பெற்ற விளம்பர வாசகத்தின் பொருள். காலுக்குக் கீழே மணல், தலைக்குள்ளே ஒன்றுமில்லை.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பொருள் பொதிந்தது அந்தி மீன்பிடிப்பே. மாலைதீவு மக்கள் நூற்றாண்டுகளாகச் சூரை பிடித்து வாழ்ந்தவர்கள். உயிருள்ள சிறு மீன்களை இரையாக எறிந்து, சூரைக் கூட்டம் பொங்கி வரும்போது தூண்டிற் கம்பால் ஒவ்வொன்றாக வீசி எடுப்பது அவர்களது முறை. வலை கொண்டு அள்ளுவதில்லை. அவ்வாறு பிடித்ததைக் கரையிலே பெண்கள் அவித்து, புகையூட்டி, வெயிலிற் காய வைத்தால் அதுவே நமது சமையலறைக்கு வரும் மாசி. அவர்கள் மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். அவர்களது மீன்பிடிப் படகின் பெயர் ‘டோனி’. அது நமது தோணியேதான். இந்தச் சரக்குக்கு இலங்கையே நீண்டகாலம் தலையாய சந்தையாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக நாம் அந்த இறக்குமதியை இறுக்கிவிட்டோம். மாலைதீவின் முதலாவது உல்லாச விடுதி 30 அறைகளோடு திறக்கப்பட்டதும் 1972இலேதான். ஒன்றினால்தான் மற்றது நேர்ந்தது என்று நான் கூறவில்லை. ஆயினும் பிடித்த மீனை விற்பதற்கு வழி குறுகிய அதே காலத்தில், மீன் பிடிப்பதையே விற்கும் வழி பிறந்தது என்பது கருதத்தக்கது.

விற்கப்படுவது எது என்று கவனியுங்கள். மீன் அன்று. மீனவனின் செயலிலிருந்து அதன் தேவையைக் கழித்தால் எஞ்சுவது எதுவோ அது. பசி, கடன், புயல், சந்தை விலை யாவற்றையும் வடித்தெடுத்துவிட்டுத் தூண்டில் நூலையும் செவ்வானத்தையும் மட்டும் விருந்தினன் கையிற் கொடுக்கிறார்கள். நீந்துதல், படகோட்டுதல், சமைத்தல், முழவறைதல் எல்லாவற்றுக்கும் இதுவே நியதி.

என் மாணவன் தந்தை வழியிற் கடற்றொழிலாளி. கரைவலை இழுக்கும் குடும்பம். விடுதியில் அவனது கடமைகளுள் ஒன்று அந்தி மீன்பிடிப்புக்குச் செல்லும் வெள்ளையர்க்கும் சீனர்க்கும் தூண்டில் பிடிக்கக் கற்பிப்பது. “பிடிபட்டது சின்ன மீனெண்டால் கடலிலயே விட்டுட்டுச் சிரிக்க வேணும், சேர்” என்றான். மீனே அகப்படாத நாளில்? அவர்களுக்கு ஆறுதல் கூறி, நட்சத்திரங்களைக் காட்டுவானாம். அவனது வீட்டில் மீன் படாத நாளுக்கு வேறு பெயர் இருந்தது. அன்று கடைக்காரரின் கொப்பியில் இன்னொரு வரி ஏறும்.

நண்டோட்டத்தை வேடிக்கை என்று ஒதுக்கிவிடவே நினைத்தேன். சங்கினுள் குடியிருக்கும் சிறு நண்டுகளைப் பிடித்து, ஓட்டின் மேல் இலக்கம் எழுதி, மணலில் வட்டங் கீறி நடுவிலே விடுகிறார்கள். எந்த நண்டு முதலிலே கோட்டைத் தாண்டுகிறதோ அதனைக் காசு கொடுத்துத் தனதாக்கிக்கொண்டவருக்குப் பரிசு. நெய்தற் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு உடனே ‘அலவன் ஆட்டல்’ நினைவுக்கு வரும். பரதவர் மகளிர் கடற்கரையிலே நண்டை அலைத்து ஆடுவது அத்திணையின் பழகிய காட்சி. ஆனால் அதே பெண்தான் காயும் மீனுக்குக் காவலிருந்து புள்ளோப்புகிறாள். ஆடுபவளும் உழைப்பவளும் ஒருத்தியே. வேலைக்கு இடையிலே ஆட்டம் பூக்கிறது. விடுதித் தீவிலோ ஒருவனிடம் ஆட்டம் முழுவதும், மற்றவனிடம் வேலை முழுவதும் என்று பங்கிடப்பட்டுள்ளது. சங்க காலத்தைப் பொற்காலமெனப் போற்றும் கூட்டத்தில் நானில்லை. ஆயினும் இந்த வேறுபாடு மனத்தை உறுத்துகிறது.

கரப்பந்தாட்டத்தில் வேலையாட்கள் அணி ஒன்று, விருந்தினர் அணி ஒன்று. விருந்தினர் முழுவதாய்த் தோற்று மனம் வாடலாகாது. “தோக்கிறதும் வேலைதான் சேர்” என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பாடசாலை அணியின் சிறந்த ஆட்டக்காரனாக அவன் விளங்கியது எனக்குத் தெரியும். உள்ளூர்ச் சமையல் பழகுதல் பற்றியும் ஒன்று சொன்னான். துருவிய தேங்காயோடு சூரையும் வெங்காயமும் தேசிப் புளியும் சேர்த்துப் பிசையும் ‘மஸ்ஹுனி’யைக் கற்பிப்பவர் குருநாகலைச் சேர்ந்த சமையற்காரராம். மாலைதீவுப் பெண்கள் விடுதித் தீவுகளிலே தொழில் செய்வது அரிது. ஆண்களிலும் பங்களாதேஷத்தவரும் இந்தியரும் நேபாளத்தவரும் நம்மவரும் ஏராளம். உள்ளூர் என்பது இங்கே ஒரு சுவையின் பெயரேயன்றி ஊரின் பெயரன்று.

புதன்கிழமை நிகழ்ச்சி இலக்கிய மாணவரை நேரடியாகவே அழைக்கிறது. ஆளில்லா மணற்றிட்டில் விருந்தினரை இறக்கிவிட்டு, உணவுக் கூடையையும் குடையையும் வைத்துவிட்டு, படகு அகன்றுவிடும். மாலையில் திரும்ப வந்து ஏற்றிக்கொள்ளும். பல விடுதிகளில் இதற்கு றொபின்சன் குரூசோவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். டானியல் டீஃபோவின் அந்த நாவல் 1719இல் வெளிவந்தது. அதனை உண்மையிலே படித்தவன் எவனும் இப்பெயரைச் சூட்டத் துணியான். குரூசோ 28 ஆண்டுகள் அத்தீவிலே ஓயாது உழைக்கிறான். வேலி நடுகிறான், குடம் வனைகிறான், ஆடு வளர்க்கிறான், அரிசியும் வாற்கோதுமையும் விதைக்கிறான், நாட்களைக் கம்பத்திலே கீறி எண்ணுகிறான். மூலதனத்தின் முதலாம் அத்தியாயத்தில் கார்ல் மார்க்ஸ் அவனைக் கேலியோடு எடுத்துக்காட்டுவதும் இதற்காகவே. தனியனாய் ஒதுங்கிய பின்னும் கணக்கேடும் மையும் கொண்டு, எந்தப் பொருளைச் செய்ய எவ்வளவு நேரம் சென்றது என்று பதிவு செய்யும் அசல் ஆங்கிலேய வணிகன் அவன். டீஃபோவின் தீவு பொய்யானதாக இருக்கலாம். ஆனால் அங்கே உழைப்பு மறைக்கப்படவில்லை. பிற்பகுதியில் வெள்ளி என்ற அடிமை வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஒரு பெயராவது இடப்பட்டது, அது எசமான் இட்ட பெயரே ஆயினும். விடுதியின் மணற்றிட்டில் குரூசோவின் உழைப்பும் இல்லை, வெள்ளியும் இல்லை. கூடையை வைத்தவன் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்பதே அந்த நிகழ்ச்சியின் விதி. முதலாளித்துவத்தின் இளமையிலே எழுந்த கற்பனைக்கு உழைப்பைப் பற்றிப் பெருமிதம் இருந்தது. அதன் முதுமையிலே எழுந்த இக்கற்பனைக்கு உழைப்பைக் காணவே கூச்சமாயிருக்கிறது.

அயல் தீவுக் கிராமத்தைப் பார்வையிடுதல் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்புத் தேவை. ஏறத்தாழ 1,200 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் மக்கள் வாழ்வன 200க்கும் குறைவு. குடியில்லாத தீவொன்றை முழுதாக ஒரு விடுதிக்குக் குத்தகையாகக் கொடுப்பதே அரசு வகுத்த வழி. குடியுள்ள தீவுகளில் அயல்நாட்டார் தங்குவது 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெரிதும் தடுக்கப்பட்டிருந்தது. 2009ஐ அடுத்தே அங்கு சிறு விருந்தினர் இல்லங்களுக்கு வழி திறந்தது. மதுவும் நீச்சலுடையும் ஒரு பக்கம், பள்ளிவாசலும் பாடசாலையும் மறு பக்கம் எனப் பிரித்து வைத்ததற்குச் சமயமும் ஒழுக்கமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அக்காரணங்களை நான் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால் விளைவு யாது? மக்களைப் பார்ப்பதே தனியாகப் பணங் கட்டிச் செல்லும் ஒரு கேளிக்கையாயிற்று. இரண்டு மணித்தியாலம் தெருவிலே நடந்து, வேறு நாடுகளிற் செய்யப்பட்ட மர ஆமைகளை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். வெள்ளியிரவு முழக்கும் ‘பொடு பெரு’வின் கதையும் துயரமானதே. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோர் வழியாக அது அத்தீவுகளுக்கு வந்தது என்பர். சிங்களத்தில் முழவைக் குறிக்கும் ‘பெர’ என்ற சொல்லின் உறவே ‘பெரு’. மெல்லத் தொடங்கி வெறிகொண்டு ஏறும் அந்தத் தாளம் அடிமையின் இரவுக்கு உரியது. இன்று அது பத்தரை மணிக்கு நின்றுவிட வேண்டும். அதன் பின் விருந்தினர் உறங்குவர்.

சனிக்கிழமையின் பவளம் நடுதலை எள்ளி நகையாடுவது எளிது. பவளத் துண்டொன்றை இரும்புச் சட்டத்தில் கட்டிக் கடலில் இறக்கினால், விருந்தினரின் பெயரைச் சட்டத்திற் பொறித்து, அது வளரும் படத்தைப் பின்னர் அனுப்பி வைப்பார்கள். 1998இல் கடல்நீர் சூடேறியபோது அந்நாட்டின் ஆழங்குறைந்த பவளத்தின் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. 2016இலும் பேரழிவு நிகழ்ந்தது. பல்லாயிரம் மைல் ஆகாயமார்க்கமாய்ப் புகை கக்கி வந்தவரே விரல் நீளப் பவளத்தை நட்டு மன ஆறுதல் பெறுகிறார். கடலேரியைத் தோண்டி மணல் நிரப்பி விடுதி அமைப்பதும், பின் அதே கடலேரியில் பவளம் நடுவதும் ஒரே முதலாளிதான்.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் விமர்சனம் வசையாகிவிடும். மாலைதீவின் சுறாக்களைப் பற்றி 1993இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. சுழியோடிகள் சென்று பார்க்கும் இடத்திலே உயிரோடு திரியும் பவளப்பாறைச் சுறா ஒன்று ஆண்டொன்றுக்குச் சராசரி 3,300 அமெரிக்க டொலரை ஈட்டித் தரும். அதே சுறாவைப் பிடித்து விற்றால் ஒரேயொரு முறை 32 டொலர் கிடைக்கும் என்றது அது. 2010இல் அந்நாடு சுறாப் பிடிப்பையே முற்றாகத் தடை செய்தது. உல்லாசப் பயணிகளின் பொழுதுபோக்கு ஒரு கடலுயிரைக் காப்பாற்றியது உண்மை. சுறா பிடித்து வாழ்ந்த தீவுகளின் மீனவர் தொழிலை விட நேர்ந்ததும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்திருக்க முடியாதவன் இந்த விடயத்தைப் பற்றி எழுதாதிருப்பது நல்லது.

இந்தத் தாளுக்கு மறுமொழி கூறும் இலக்கியம் எங்கேனும் உண்டா என்று தேடினால், நமது சமுத்திரத்தை விட்டுக் கரீபியன் கடலுக்குப் போகவேண்டியிருக்கிறது. வெயிலையும் மணலையும் விற்கும் தொழில் அங்கே நமக்கு முன்னரே வேரூன்றியது. அதனோடு வளர்ந்த எழுத்தாளர்கள் அதனை உள்ளிருந்து கண்டார்கள். அன்ரிகுவாவிற் பிறந்த ஜமெய்க்கா கின்கெய்ட் 1988இல் வெளியிட்ட ‘ஒரு சிறிய இடம்’ என்ற சிறு நூல், உல்லாசப் பயணியை ‘நீ’ என முன்னிறுத்திக் குற்றஞ் சாட்டுகிறது. அவன் குளிக்கும் நீலக்கடலில் அவனது கழிப்பறைக் கழிவும் கலந்திருக்கக்கூடும் என்று நினைவூட்டுகிறது. ஊரின் நூல்நிலையம் 1974 நிலநடுக்கத்திற் சேதமுற்றுத் திருத்தப்படாமற் கிடக்க, ஹோட்டற் பயிற்சிக் கல்லூரி கொண்டாடப்படுவதைச் சுட்டுகிறது. நெருப்பான எழுத்து. எனினும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ‘நீ’ என்று பயணியை அழைத்துப் பேசும் முனைப்பில், தட்டேந்தி நிற்பவன் அந்நூலிலும் பெரும்பாலும் மௌனமாகவே நிற்கிறான். எழுவாயை மீட்கப் புறப்பட்டவர் முன்னிலையிலேயே தங்கிவிட்டார்.

சென்ற் லூசியாத் தீவின் கவிஞர் டெரெக் வால்கொட் இதில் ஒருபடி மேலே சென்றவர் என்பது என் எண்ணம். 1990இல் வெளிவந்த ‘ஒமெரோஸ்’ என்ற அவரது நெடுங்கவிதை ஓர் உல்லாசப் பயண நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறது. ஃபிலொக்றீற் என்ற மீனவன், தாங்கள் மரந்தறித்து வள்ளம் செய்த விதத்தைப் பயணிகளுக்கு எடுத்துரைக்கிறான். அவர்களது கமராக்களுக்குப் புன்னகைக்கிறான். மேலும் சில வெள்ளிக்காசு கிடைக்குமாயின், துருப்பிடித்த நங்கூரம் கிழித்த காலின் தழும்பையும் காட்டுகிறான். விற்பனைக்கு வைக்கப்பட்ட உழைப்பு, விற்பனைக்கு வைக்கப்பட்ட புண். ஆனால் இங்கே பேசுபவன் அவன், வினைமுற்று அவனுடையது. எதைச் சொல்வது, எதைக் காட்டாது விடுவது என்ற தெரிவும் அவனிடமே உள்ளது. இன்னும் முக்கியமானது வேறொன்று. அதே கவிதையில் ஓரிடத்தில் கவிஞர் தம்மையே விசாரிக்கிறார். இந்த ஏழைகள் என் கவிதைக்கு அழகாயிருக்கும்பொருட்டு அப்படியே இருந்துவிட வேண்டும் என்று நானும் விரும்பினேனா, அப்படியாயின் எனக்கும் கமரா ஏந்தியவனுக்கும் வேறுபாடு என்ன என்ற பொருளில் அந்த விசாரணை அமைகிறது. மண்வாசனை, மண்வாசனை என்று நாம் எழுதிக் குவித்தவற்றுள் இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்டவை எத்தனை?

இதனை நான் கேட்பதற்குக் காரணமுண்டு. உல்லாசப் பயணத்துறை பற்றி நமது முற்போக்கு எழுத்தாளரிடம் ஒரு கதை கேட்டால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். கொழுத்த வெள்ளையன், கற்பிழக்கும் ஏழைப் பெண், இறுதியில் எரியும் சூரியன். பாசிக்குடாவில் 2009க்குப் பின் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது எழுதப்பட்ட சில கவிதைகளிலும் இந்த வாய்பாட்டையே கண்டேன். நிகழ்ச்சி நிரல் வேலையாளை மறைக்கிறது. இவ்வாய்பாடு அவனைப் பலியாடாக்கி நிறுத்துகிறது. அவன் என்ன வேலை செய்கிறான், எந்த நுட்பத்தோடு செய்கிறான், எதற்குச் சிரிக்கிறான், எதனை நண்பனிடம் மட்டும் சொல்கிறான் என்பவை இரண்டிலுமே இல்லை.

வெள்ளையன் கொழுத்தவன் என்பதும் எப்போதும் மெய்யன்று. 1936இல் பிரான்சிலே மக்கள் முன்னணி ஆட்சியில், வேலைநிறுத்தங்களின் வலிமையால் தொழிலாளர் ஆண்டுக்கு இரண்டு கிழமைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையை வென்றெடுத்தனர். கடலையே கண்டிராத எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாகக் கடற்கரைக்குச் சென்றன. ஓய்வு ஓர் உரிமை; அதனைப் பழிப்பது நமது வேலையன்று. இன்று மாலைதீவின் மலிவான விருந்தினர் இல்லத்திலே பத்து நாள் தங்கும் தாதியோ பஸ் சாரதியோ அந்த உரிமையின் வாரிசே. தன் தூண்டிலில் இரை கோத்துத் தருபவனுக்கு அதே உரிமை எத்தனை நாள் உண்டு என்று அவர் கேட்பதில்லை. கேட்கத் தூண்டுமாறு அந்தத் தாள் எழுதப்படவுமில்லை. இரு தொழிலாளர்கள் ஒரே தோணியில், ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாது அமர்ந்திருக்கும் அந்த அரை மணித்தியாலத்தை எழுதுபவனே இக்காலத்து நெய்தற் புலவன். அவன் பெரும்பாலும் எங்கள் வாசிகசாலைகளிலிருந்து வரமாட்டான். தீவின் நடுவே, கடல் தெரியாதபடி மரங்களால் மறைத்துக் கட்டப்பட்ட வேலையாட்கள் விடுதியிலிருந்து வருவான்.

புறப்படும்போது மாணவன் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டான். நினைவுக்கு வைத்திருக்கப் போகிறானோ என்று எண்ணிக்கொண்டு மறுபக்கத்தைப் பார்த்தேன். வெறுமையாய் இருக்குமென நான் நினைத்த அந்தப் பக்கம் முழுவதும் பென்சிலால் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. மாதச் சம்பளம், விருந்தினர் தந்த கைக்காசு, திகதி வாரியாக, தங்கைக்கு அனுப்பியது, வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்ற்றுக்குக் கட்டியது, இனிக் கட்டவுள்ளது, ஊருக்கு வர இன்னும் எத்தனை நாள் என்று ஐந்தைந்தாகக் கீறிய கோடுகள். கணக்கை வேறு தாளிலே மாற்றி எழுத நேரம் கிடைக்கவில்லை என்றான். முன்பக்கத்தை மட்டும் நான் படியெடுத்துக்கொண்டு தாளை அவனிடமே கொடுத்துவிட்டேன்.